விளக்குக்கு முன்னால் தரையில்

எங்கள் அரவேணு மாரியம்மன் கோயிலில் ஆடி வெள்ளிக்கு விளக்கு பூஜை நடக்கும். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்காருவோம், அவரவர் விளக்கு அவரவர் முன்னால். பல வருஷம் மலைச்சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து பறித்ததில் என் முட்டி இரண்டும் கெட்டுப்போயின. கீழே உட்கார்ந்தால் எழ முடியாது. போன ஆடியில் எனக்கு மட்டும் பிளாஸ்டிக் சேர் போட்டார்கள். விளக்கு கீழே, நான் மேலே. தாயின் தலைக்கு மேல் காலைத் தொங்கப்போட்ட மாதிரி கூசியது. பக்கத்து வீட்டு அக்காவிடம் என் விளக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். 'அடுத்த ஆடிக்காவது என்னைத் தரையில் உட்கார வை தாயே' என்று அழுதேன்.

தை மாதம் குன்னூரிலிருந்து ஒரு பெண் எங்கள் சமுதாயக் கூடத்துக்கு வந்தாள். சேரை வைத்து ஆட்டம், மூட்டுக்கு நல்லது என்றாள். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"சேருல உக்காந்து என்ன புள்ள ஆடுவீங்க? சேருதான் ஆடும்."

"நம்மூட்டுச் சேரு அப்புடித்தானுங்க, நாலு காலும் ஆடுது" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே தாளம், அடவு ஒன்றும் இல்லை. பாட்டைப் போட்டு, "உடம்புக்கு என்ன தோணுதோ செய்ங்கம்மா" என்றாள். எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், எல்லார் கையும் கொழுந்து கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தது. முதுகில் கூடையே இல்லை!

"ஏம்புள்ளைகளா, இன்னிக்கு எத்தன கிலோ?" என்று அக்கா கத்தினாள். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் என் இடுப்பு இளகியது.

அந்தப் பெண் அதையே பிடித்துக்கொண்டாள். "இப்ப செடி கீழ இருக்குது, குனிஞ்சு பறிங்க. இன்னுங் கீழ." வாரா வாரம் செடி இறங்கியது, நாங்களும் சேரின் நுனிக்கு வந்தோம். சேரைப் பிடித்தபடி ஒருநாள் தரைக்கே சறுக்கி இறங்கினேன். வலித்தது, ஆனாலும் இறங்கிவிட்டேன். எழுந்திருக்கத்தான் மாதக்கணக்காயிற்று. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி எழும் வழியை என் உடம்பே ஆடி ஆடிக் கண்டுபிடித்தது.

இந்த ஆடி வெள்ளி வந்தது. என் விளக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து குங்குமத்தால் அர்ச்சனை செய்தேன். கற்பூர ஆரத்திக்கு எல்லோரும் எழுந்தார்கள்.

"கையக் குடு புள்ள" என்றாள் அக்கா.

"வேண்டாங்க்கா, தள்ளிக்க."

கையை ஊன்றினேன், சுற்றினேன், எழுந்தேன். அம்மன் முகம் நேருக்கு நேராக இருந்தது. வாய்விட்டுக் குலவையிட்டேன். அன்றைக்குக் கோயிலில் என் குலவைதான் பெரிசு.