கெட்டுப்போன பார்பெராவுக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ்

கொழும்பு ஹோட்டல் ஒன்றில் ஒன்பது வருடங்களாக வைன் பரிமாறுகிறேன். போன ஆவணியில் திருகோணமலைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, வேலை கேட்க. உட்துறைமுகப் பக்கம் பிலோமினா என்பவர் உணவகம் திறக்கிறார், வைன் தெரிந்த ஆள் தேடுகிறார் என்று நண்பன் சொன்னான்.

காலை ஐந்தரைக்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஒரு மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து ஓட்டோவுக்கு நானூறு ரூபாய். (முதலில் அறுநூறு கேட்டார்.)

பிலோமினா அக்கா கதிரையைக் காட்டினார். மேசையில் ஒரு பார்பெரா, இத்தாலியச் சிவப்பு வைன்.

“தம்பி குரூஸ் இத்தாலியிலயிருந்து கொண்டு வந்தது. குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. வாற ஆக்களுக்குக் குடுக்கலாமோ?”

பக்கத்தில் நின்ற குரூஸ் சிரித்தார். கிளாஸில் ஊற்றியதுமே தெரிந்துவிட்டது. சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகியிருந்தது. மூக்கில் வினாகிரியின் புளிப்பு நெடி. வாயில் பழச்சுவை துளியும் இல்லை. ஆனால் பெருமையோடு நின்ற குரூஸின் முகத்தைப் பார்த்தேன். வேலையும் வேண்டும்.

“நல்ல வைன் அக்கா. தாராளமாகக் குடுக்கலாம்.”

அக்கா எழுந்து போய் அதே வைனில் இன்னொரு போத்தலைக் கொண்டுவந்து ஊற்றினார். செர்ரிப்பழ வாசனை, நாக்கு கூசும் நல்ல புளிப்பு. கிளாஸைக் கீழே வைக்க மறந்துபோனேன்.

“முதல் போத்தலைத் தகரக் கூரைக்குக் கீழ, வெக்கையில மூண்டு மாதம் வெச்சனான்,” என்றார் அமைதியாக. “பழுதெண்டா பழுதெண்டு சொல்லுற ஆள்தான் எனக்குத் தேவை. குறை நினையாதேங்கோ.”

மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட நினைவில்லை. மீன்குழம்பும் சோறும் தந்தார். சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை.

பஸ் நிலையம்வரை குரூஸ் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். “எனக்காகத்தானே அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்றார். ஓம் என்றேன்.

“பதினொரு வருசம் திராட்சைத் தோட்டத்தில வேலை செய்தனான். கெட்ட வைனை எனக்குத் தெரியாதெண்டு நினைச்சிட்டீங்களே.”

வேலை கிடைக்காததைவிட அதுதான் இடியாக விழுந்தது.

திருகோணமலைக்கு வைன் கொண்டு போகிறவர்களுக்கு: இந்த வெயிலில் வாகனத்துக்குள் ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள். பரிமாறுமுன் அரை மணி நேரம் குளிரூட்டுங்கள். யாராவது ருசி பார்க்கச் சொன்னால், கிளாஸை மட்டும் பாருங்கள்.