சாட்சி சொன்ன மச்சான்

அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பாஸ்வேர்டு’ என்றால் அவர்தான். முதுகுக்குப் பின்னால் சொன்னது நாளடைவில் முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது. அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஒரு கூட்டத்தில், “நம்மள்ல ஒருத்தர் தன் பேரையே பாஸ்வேர்டா வெச்சிருக்கார்” என்றார். யாரென்று சொல்லவில்லை. மருந்துக் கிடங்குப் பொறுப்பாளரின் காதுகள் சிவந்ததால் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பொறுப்பாளர் வேறு யாருமில்லை, பாஸ்வேர்டின் மனைவிக்குத் தம்பி. அன்றோடு மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சு நின்றது. மனைவியும் தம்பி பக்கம் சாய்ந்தாள்.

பாஸ்வேர்டு அசரவில்லை. ஊழியர்களின் போன்களில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். இனி பாஸ்வேர்டு மட்டும் போதாது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் எண்ணை அந்த ஆப்பில் பார்த்துத் தட்டினால்தான் கம்ப்யூட்டர் உள்ளே விடும். போன் போய்விட்டால்? வேறு பிரிவின் பொறுப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்று, ‘இவர்தான் அவர்’ என்று மென்பொருள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அப்படியொரு விதியையும் எழுதினார். பாஸ்வேர்டுக்குச் சாட்சியாக டைரக்டர் கிடங்குப் பொறுப்பாளரை நியமித்தார். சொந்தக்காரர், ஆளைத் தெரியும் என்பது டைரக்டரின் எண்ணம்.

முதலில் போனது பாஸ்வேர்டின் போன்தான். சர்வர் அறைக்கு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டி கசிகிறதா என்று எட்டிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து வழுக்கித் தொட்டிக்குள் போய்விட்டது. அதே காலையில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுகளுக்குப் போகாமல் சிக்கி நின்றன. சரிசெய்ய அவர் உள்ளே நுழைந்தாக வேண்டும்.

கிடங்கில் மச்சான் கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“போன் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு” என்றார் பாஸ்வேர்டு, பெட்டிகளிடம்.

மச்சான் மேசை போனை எடுத்துக் கம்பெனிக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“பக்கத்துல நிக்கறவரைத் தெரியுமா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“பார்த்த மாதிரி இருக்கு.”

“அது போதாது சார். ரூல் அப்படி.”

“யார் போட்ட ரூல்?”

“அவர் போட்டதுதான் சார். சந்தேகம்னா அவருக்கு மட்டும் தெரிஞ்சதா ஏதாவது கேட்டுப் பாருங்க.”

மச்சான் யோசித்தார். “எங்க அக்கா இவர் மேல எதுக்குக் கோவமா இருக்கா?”

பஞ்சு வாங்க வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அத்தனை பேர் முன்னாடி உன் மானத்தை வாங்கினதுக்கு.”

“அது சரியா, தப்பா?”

“இது ரெண்டாவது கேள்வி.”

“எத்தனை வேணும்னாலும் கேக்கலாம் சார்” என்றாள் அந்தப் பெண்.

பாஸ்வேர்டு நர்ஸைப் பார்த்தார். அவள் நகர்வதாகத் தெரியவில்லை.

“தப்புதான்டா மச்சான்.”

“இவர்தான் மேடம்” என்றார் மச்சான். “எங்க மாமாதான்.”

பூட்டு திறந்தது. முடிவுகள் வார்டுகளுக்குப் போயின. அதுவரை வீம்புக்கு ஆப்பைப் போட்டுக்கொள்ளாமல் உதவியாளரை விட்டே கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டிருந்த மச்சான், மதியம் தன் போனோடு சர்வர் அறைக்கு வந்தார். பாஸ்வேர்டு ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். மச்சான் ஒற்றை விரலால் தட்டினார். கடைசி இலக்கத்துக்கு வருவதற்குள் எண் மாறிவிட்டது.

“மாறிடுச்சு மாமா.”

“மாறும். அடுத்தது வரும், அதை அடி” என்ற பாஸ்வேர்டு, நாற்காலியை மச்சான் பக்கம் தள்ளினார்.