செலினாவின் தம்பி ஊர் திரும்பினான்

காலை எட்டரை மணிக்கு முதல் பேருந்து வந்துவிடும். அதற்குள் செலினா நாற்பது தகரத் தட்டுகளிலும் ஓடை மணலை அள்ளிப் போட்டு, ஒவ்வொன்றிலும் நாலைந்து தங்கத் துகள்களைத் தூவி, மேலே இன்னொரு கை மணலைப் போட்டு மூடிவைக்க வேண்டும். கப்பலில் வந்த பயணிகள் இறங்கி, தட்டை ஓடைத் தண்ணீரில் ஆட்டி ஆட்டி மணலைக் கழித்து, கடைசியில் அடியில் மினுங்குவதைப் பார்த்துக் கூவுவார்கள். வெறுங்கையோடு யாரும் போகமாட்டார்கள் என்று விளம்பரப் பலகையிலேயே எழுதியிருந்தது. யாரையும் ஏமாற்றும் வேலை இல்லை. இருந்தாலும் பதினாறு கோடைகாலம் அதையே செய்தவளுக்குத் தன் கையைப் பார்க்கவே சலிப்பாக இருந்தது.

ஓடைக்கு மேலே நிற்கிற மலைக்குள் அவளுடைய தாத்தா நிஜமாகவே தங்கத்துக்காகப் பாறை உடைத்தவர். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோ என்கிற ஊர் உண்டானதே அந்தப் பாறைகளால்தான். சுரங்கங்கள் மூடி எழுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது ஊருக்கு இரண்டு பிழைப்பு. ஜனவரியிலிருந்து மே வரை சட்டசபை. அலாஸ்கா முழுவதிலிருந்தும் உறுப்பினர்கள் வந்து சேர்ந்து, பேசி, சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். மே மாதத்திலிருந்து செப்டம்பர் கடைசிவரை கப்பல்கள். செலினா இரண்டு பக்கமும் வேலை பார்த்தாள். குளிர்காலத்தில் சட்டசபைக் கட்டடத்துச் சமையலறையில் வெங்காயம் நறுக்கி, சூப் வைத்து, பாத்திரம் கழுவினாள். கோடையில் ஓடைக்கரையில் நின்று தங்கம் தூவினாள். நடுவே இருக்கிற மூன்றரை மாதம் மழைக்கு மட்டும் சொந்தம். அப்போதுதான் அவளுக்கு முழங்கால் வலி தெரியவரும்.

ஐம்பத்தாறு வயது. புருஷன் இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகள் ஆங்கரேஜில் நர்ஸ். பாலத்துக்கு அந்தப்பக்கம் டக்ளஸ் தீவில், தகரக் கூரை போட்ட வீட்டில் தனியாக இருந்தாள்.

செப்டம்பர் நடுவில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய கைப்பேசி அடித்தது. சியாட்டிலிலிருந்து ஏமஸ் பேசினான். அவளுக்கு இரண்டு வயது இளைய தம்பி. இருபத்தொன்பது வருஷத்தில் அவன் பேசியது மூன்று தடவை; மூன்றும் யாராவது இறந்தபோது. இந்தத் தடவை யார் என்று கேட்டாள். "நான்தான்க்கா" என்றான்.

ஈரல் கெட்டுப்போயிருந்தது. குடித்துக் கெடுத்துக்கொண்டது. விட்டும் ஏழு வருஷமாயிற்றாம், ஆனால் ஈரலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை என்றான். இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டாம், ஊருக்கு வரலாமா என்று கேட்டான். வீடு அங்கேயேதான் இருக்கிறது, யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று செலினா சொல்லிவிட்டு வைத்தாள். பிற்பகல் பேருந்தில் வந்த ஒரு பெரியவர், இந்த ஊர் கடல் மட்டத்துக்கு எத்தனை அடி உயரம் என்று கேட்டார். கப்பலில் வந்து இறங்கியவர்கள் வருஷம் தவறாமல் கேட்கிற கேள்வி அது. மற்ற நாளாக இருந்தால், உங்கள் செருப்பு நனைந்திருக்கிறதே பார்க்கவில்லையா என்று சிரிக்கவைத்திருப்பாள். அன்று "சைபர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தட்டை நிரப்பப் போனாள்.

அவர்கள் மூன்று பேர். செலினா, ஏமஸ், கடைக்குட்டி லெஸ்டர். எண்பத்தாறாம் வருஷம் அக்டோபரில் மாமாவின் படகை எடுத்துக்கொண்டு தம்பிகள் இரண்டுபேரும் மீன் பிடிக்கப் போனார்கள். வடகிழக்கே பனிமலையிலிருந்து இறங்குகிற காற்று அன்று சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது. படகு கவிழ்ந்தது. ஏமஸ் மீன்பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்து, வேறொரு படகுக்காரர் கண்ணில் பட்டுக் கரைசேர்ந்தான். லெஸ்டர் கிடைக்கவேயில்லை. பத்தொன்பது வயது.

படகுத்துறையில் கம்பளி சுற்றி ஏமஸை இறக்கியபோது ஊரில் பாதிப்பேர் அங்கே நின்றிருந்தார்கள். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. காற்று அப்படி, யாராக இருந்தாலும் அதுதான் என்றார்கள். செலினா மட்டும் அவன் முன்னால் போய் நின்று, "நீ மட்டும் எப்படிடா வந்தே?" என்று கேட்டாள். எல்லார் காதிலும் விழுந்தது. அடுத்த வாரம் ஏமஸ் தெற்கே போகும் கப்பலில் ஏறிப் போய்விட்டான். வருஷம் திரும்பியபோது லெஸ்டருக்காகக் குலத்தார் பெரிய விருந்து வைத்தார்கள். துக்கத்தை முடித்துவைக்கிற விருந்து அது. கூடப்பிறந்தவன் இல்லாமல் நடக்கக்கூடாது. ஏமஸுக்கு மூன்று கடிதம் போட்டார்கள். அவன் வரவில்லை. தாய்மாமன்களோடு செலினா தனியாக நின்று எல்லாவற்றையும் செய்தாள். அவன் வராததை அவள் மன்னிக்கவில்லை. தான் கேட்ட கேள்வியையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு இத்தனை வருஷம் சூப் வைத்தாள்.

கடைசிச் சுற்றுலாக் கப்பல் போன மறுநாள் ஏமஸ் வருவதாக ஏற்பாடு. அன்று காலையிலிருந்தே பனிமூட்டம் கடலிலிருந்து எழுந்து மலைப் பாதிவரை அடைத்துக்கொண்டிருந்தது. சாலை வழியாக இந்த ஊருக்கு வந்துவிட முடியாது. சாலை நாற்பது மைலில் காட்டுக்குள் முடிந்துபோகும். வானம், இல்லாவிட்டால் கடல். செலினா விமான நிலையத்தில் போய் உட்கார்ந்தாள். துணைக்குப் பக்கத்து வீட்டுக் கோரா வந்திருந்தாள். அந்த மண்ணின் பழங்குடிகளான அவர்கள் சனம் காக்கை, கழுகு என்று இரண்டு பக்கம்; கோரா கழுகுப் பக்கத்துக்காரி, செலினா காக்கைப் பக்கம். குலத்தால் எதிர்ப்பக்கம் என்பதால் ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்ய இருவருக்கும் உரிமை உண்டு.

விமானத்தின் இரைச்சல் தலைக்கு மேலே கேட்டது. ஒருமுறை சுற்றியது. இன்னொருமுறை சுற்றியது. பிறகு சத்தம் வடக்கே தேய்ந்துபோனது.

"போச்சு, ஆங்கரேஜுக்குப் போறான்" என்றாள் கோரா. "உன் தம்பி இருக்கானே, தலைக்கு மேல வந்தும் இறங்கமாட்டேங்கறான் பாரு."

செலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே, அந்த வெள்ளைக்கு மேலே, வெயிலில் அவன் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். ஆங்கரேஜில் மகள் போய் அவனை அழைத்துக்கொண்டு வீட்டில் படுக்கவைத்தாள். மாமா காகிதம் மாதிரி இருக்கிறார் என்று போனில் சொன்னாள். மறுநாள் அங்கிருந்து கிளம்பிய விமானமும் ஜூனோவில் இறங்கமுடியாமல் தாண்டிப்போய் சிட்காவில் இறங்கியது. இரண்டாம் தடவையும் செலினா தலைக்கு மேல் இரைச்சலைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினாள்.

இனி விமானம் வேண்டாம், ஊர் ஊராக ஓடுகிற பயணிக் கப்பலில் வந்துவிடுகிறேன் என்று ஏமஸ் சொன்னான். ஒன்பது மணிநேரப் பயணம். மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு, ஆக் விரிகுடாத் துறையில் கப்பல் வந்து நின்றது. கார்களெல்லாம் இறங்கி முடித்தபிறகு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தனியாக வந்தான். மஞ்சள் பாரித்த கண். உடம்பில் கோட்டு தொங்கியது. அவர்கள் அப்பா சாகும்போது இருந்த முகம் அப்படியே இருந்தது. செலினா பையை வாங்கிக்கொண்டாள். கட்டிப்பிடிக்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மீன்தலை சூப் கொடுத்தாள். மூன்று கரண்டிக்கு மேல் அவனால் முடியவில்லை. மறுநாள் காலை மழை ஓய்ந்திருந்தது. கடற்கரைக்குப் போகவேண்டும் என்றான். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனாலும் வண்டியில் கூட்டிப்போனாள். அந்தக் கரையில் கிடப்பது கடல் மணல் இல்லை. சுரங்கத்துப் பாறையை ஆலைகளில் நொறுக்கி, தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய தூள். சிறுவயதில் மூன்று பேரும் அதில்தான் உருண்டார்கள். ஒதுங்கிக் கிடந்த ஒரு மரக்கட்டைமேல் இருவரும் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒருத்தி தன் நாயை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே வைத்துத்தான் செலினா கேட்டாள். கோபமாகக் கேட்க முன்பு எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். வந்ததோ, மூட்டையை இறக்கிவைக்கிறவளின் குரல்.

"லெஸ்டர் விருந்துக்கு ஏன்டா வரலை?"

ஏமஸ் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "வந்தேன்."

"என்ன உளர்றே?"

"கப்பல்ல வந்தேன்க்கா. நேத்து இறங்கினேனே, அதே துறைக்குத்தான். நீ கீழ நின்னுக்கிட்டு இருந்தே. ஹூனாவிலிருந்து வர்றவங்களக் கூட்டிட்டுப் போக வந்திருந்தே. சிவப்புத் துண்டு கட்டியிருந்தே. மேல்தட்டுல இருந்து பாத்தேன். இறங்கணும்னு பைய எடுத்துட்டேன். கால் வரலை. கப்பல் கிளம்பிடுச்சு. ஸ்காக்வே வரைக்கும் போயி, மறுபடி அதே கப்பல்ல திரும்பி வந்தேன். ரெண்டு நாள் கழிச்சு. அப்பவும் இறங்கலை."

செலினா நம்பவில்லை. நம்பாததை முகத்தில் காட்டினாள்.

"பெசி பெரியம்மா பாத்துட்டாங்க. அவங்களும் அதே கப்பல்லதானே வந்தாங்க. யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். நான் திரும்பி வரும்போது துறைக்கு வந்து, கப்பல்ல ஏறி, ஒரு டப்பால சாப்பாடு கொடுத்தாங்க. விருந்துச் சாப்பாடு. காஞ்ச மீன், அப்புறம் நீ பண்ண ரொட்டி. வறுத்த ரொட்டி. ஒரு பக்கம் கருகிப்போயிருந்துச்சு."

அது அவளுக்கு நினைவிருந்தது. அன்று அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது மாமா ஏதோ கேட்க, திரும்பிப் பார்த்த நேரத்தில் ஒரு ஈடு முழுவதும் கருகியது. விருந்தாளிகளுக்கு வைக்கக்கூடாது என்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். பிறகு அது எங்கே போனது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. பெரியம்மா இறந்து இருபது வருஷமாகிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நல்ல ரொட்டியாக் கொடுத்திருக்கக்கூடாதா அந்தக் கெழவி" என்றாள். அவளுக்கே தெரியாமல் அது வாயில் வந்துவிட்டது. ஏமஸ் சிரித்தான். சிரித்தது வயிற்றில் பிடித்துக்கொள்ள, குனிந்து உட்கார்ந்தான். அவள் முதுகில் கை வைத்தாள். கோட்டுக்கு மேலேயே எலும்பு தட்டியது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள். "அன்னைக்குத் துறையில நான் கேட்டது..."

"கேட்டது சரிதானே. நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"பதில் கெடச்சுதா?"

"இல்ல. பொட்டி என் கைக்கிட்ட இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் அழுவாள் என்று அவன் பயந்திருக்கலாம். அவளுக்கு அழுகை வரவில்லை. முழங்கால் வலித்தது, தூக்கம் வந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் மேல்தட்டில் நின்ற ஒருவனை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும், எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று மட்டும் தோன்றியது. துறையில் நிற்கிறவர்கள் எதற்கு நிமிர்ந்து பார்க்கப்போகிறார்கள்.

ஏமஸ் ஒன்பது வாரம் இருந்தான். அவனைக் குளிப்பாட்டினாள், படுக்கை மாற்றினாள், மருந்து கொடுத்தாள். நடுவில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. ஊரில் எல்லாருமே வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அவனையும் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பழைய ஆட்கள் சிலர் வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். லெஸ்டரைப் பற்றி அவன்தான் முதலில் பேச்சை எடுப்பான். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று. லெஸ்டர் எப்படி விசில் அடிப்பான், ஒரு கரடியைக் கண்டு மாமாவின் வண்டிக்குள் புகுந்துகொண்டு எப்படிக் கதவைத் திறக்கமாட்டேன் என்றான், இப்படி. செலினாவுக்குத் தெரிந்த லெஸ்டர் பாதிதான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. படகில் இருந்த மீதிப் பாதி ஏமஸிடம் இருந்தது. அதில் கொஞ்சத்தை அவள் வாங்கிக்கொண்டாள். முழுவதையும் வாங்க நாள் போதவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில், காலை எட்டரை மணிக்கு, வெளிச்சம் வந்துகொண்டிருந்தபோது இறந்தான்.

செலினா அவன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். என்னென்ன செய்யவேண்டும் என்று அவள் தலை தானாகவே அடுக்க ஆரம்பித்தது. மகளுக்குச் சொல்லவேண்டும். மாமா மகன்களுக்குச் சொல்லவேண்டும். சட்டையைத் தேய்க்கவேண்டும், வருகிறவர்களுக்கு அடுப்பில் ஏதாவது வைக்கவேண்டும். சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு, அடுக்களைக்குப் போய்ப் பெரிய பானையை எடுத்துக் குழாய்க்கடியில் வைத்தாள்.

கதவைத் தட்டாமல் கோரா உள்ளே வந்தாள். பின்னாலேயே கழுகுப் பக்கத்துப் பெண்கள் மூன்றுபேர், ஆண்கள் இரண்டுபேர். ஜன்னல் திரையை இழுத்துவிட்டதைப் பார்த்தே கோரா தெரிந்துகொண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். காக்கைப் பக்கத்தில் சாவு விழுந்தால் கழுகுப் பக்கம்தான் கைவேலை முழுவதும் செய்யவேண்டும். கோரா நேராக வந்து குழாயை மூடினாள். செலினாவின் கையிலிருந்து பானையை வாங்கினாள்.

"உக்காரு."

"பச்சத்தண்ணியாவது வைக்கறேன்டி."

"உக்காருன்னு சொன்னேன். இன்னைக்கு நீ எதையும் தொடக்கூடாது. இது எங்க வேலை. எங்க வீட்டுல விழுந்தா நீ வந்து செய்."

யாரோ ஒருத்தி ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். செலினா உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அடுக்களையில் வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது. யாரோ தடித்தடியாக நறுக்குகிறார்கள் என்று காதிலேயே தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. உள்ளறையில் ஆண்கள் இருவரும் மெதுவாகப் பேசியபடி ஏமஸுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவள் தோளில் போர்வையைப் போட்டுவிட்டுப் போனாள்.

கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. பதினோரு மணி வாக்கில், வீடு நிறைய ஆட்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே, நாற்காலியில் உட்கார்ந்தபடி செலினா தூங்கிப்போனாள். கோரா யாரையும் அவளை எழுப்பவிடவில்லை.