லோயர் கேம்ப் வரை போன வீட்டு வண்டி

“இங்கிலீசுல எல்லாம் பேசிப்புடுவ, சரி. நாந்தான் தப்புப் பண்ணேன்னு அதுல சொல்ல வருமா உனக்கு?”

மதுரையில் ஒரு டிராவல்ஸில் வழிகாட்டி வேலை கிடைத்த அன்று அம்மா இப்படிக் கேட்டாள். அம்மாவுக்குப் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூலி வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனது நான் ஒருத்திதான். சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2004, விஜயதசமி. காலை 7.30, தேனி.

எங்கள் வண்டி பன்னிரண்டு பேர் போகும் டீசல் வேன். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கை கழுவத் தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் அதை வீட்டு வண்டி என்றே சொல்வோம். அதில் ஹாலந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி இருந்தார்கள். டிரைவர் போஸ் அண்ணன் ஆண்டிபட்டிக்காரர், இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர்.

முந்தின நாள் ஆயுத பூஜை. அண்ணன் வண்டியைக் கழுவி மாலை போட்டு, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

“பொம்பளப் புள்ள கையால பொட்டு வையி ஆத்தா. வண்டி நல்லா ஓடும்.”

ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் முகப்புப் பலகையில் வட்டமாக இருந்த எதையும் நான் விடவில்லை. எல்லாவற்றுக்கும் கெட்டியாகச் சந்தனம், அதன் நடுவே குங்குமம்.

தேக்கடியில் நான்கு மணிப் படகுக்கு இடம் சொல்லியிருந்தோம். தேக்கடிக்குப் பக்கத்து ஊரான குமுளி, தேனியிலிருந்து அறுபத்து நான்கு கிலோமீட்டர். அந்தப் படகுக்காகவே தம்பதி இந்தப் பயணத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். மறுநாள் அவர்கள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

8.20, சின்னமனூர் தாண்டி.

வீரபாண்டியிலிருந்தே சாலையின் இரண்டு பக்கமும் நெல்லும் வாழையும்தான். சின்னமனூருக்கு அப்புறம் திராட்சைப் பந்தல்கள் தொடங்கின. தலை உயரத்துக்குப் பச்சைக் கூரை, கீழே பச்சை நிழல். ஹாலந்து அம்மாள் படம் எடுக்க வேண்டும் என்றார். இஞ்சினை அணைத்து இறங்கினோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது வண்டி ‘டக்’ என்றது, அவ்வளவுதான். பந்தலில் வேலை செய்த நான்கு பேர் வந்து தள்ளினார்கள். ஒருவர் கேட்டார்:

“வீட்டையே தூக்கிட்டு வந்துட்டாகளா? அப்ப வாடகை இல்ல!”

எல்லோரும் சிரித்தோம். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

9.30, உத்தமபாளையம்.

பேருந்து நிலையத்துக்கு அருகே பேட்டரி சார்ஜ் ஏற்றும் கடை ஒன்று இருந்தது. மைக்செட் பேட்டரிகள் வரிசையாகத் தரையில் இருந்தன. கடைக்காரர் திருநீறும் புதுச் சட்டையுமாக இருந்தார். ஸ்பேனர், திருப்புளி, மீட்டர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால், வாழையிலையில்.

“பன்னண்டரைக்கு மறுபூசை போட்டுத்தான் அதத் தொடுவேன். இப்ப ஒண்ணும் கழட்டிப் பாக்க முடியாது.”

“சார்ஜர் மட்டும் ஓடுதே?” என்றேன்.

“அது செவுத்துல மாட்டுனது தாயி. அதையும் பேத்துக்கிட்டுப் போயி சாமி முன்னால வைக்கச் சொல்றியா?”

போஸ் அண்ணன் தன் ஸ்பேனரால் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். மெதுவாக ஏற்றினால் எட்டு மணி நேரம், வேகமாக ஏற்றினால் இரண்டு மணி நேரம். வேகமாகவே ஏற்றச் சொன்னேன். முப்பது ரூபாய். அதற்குள் தம்பதியை ஆட்டோவில் ராயப்பன்பட்டிக்கு அழைத்துப் போய்த் தேவாலயத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.

11.45க்குப் பேட்டரி தயார். அண்ணன் அதை மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஆத்தா, இது போன மாசம் மாத்துன பேட்டரி. கோளாறு இதுல இல்ல. ஆல்டர்னேட்டருதான் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்டு குடுக்கலன்னு நெனைக்கிறேன். முக்கா மணி நேரம் இருந்தா இவுக மீட்டர வச்சுப் பாத்துருவாக.”

“ஆல்டர்னேட்டர் போனா சிவப்பு விளக்கு எரியும்னு நீங்கதானே அண்ணே சொல்லிக் குடுத்தீங்க? எரியலையே. ராத்திரி பூரா ஃபிரிட்ஜ் ஓடியிருக்கு. அதான் பேட்டரி இறங்கிருச்சு.”

அவர் முகப்புப் பலகையைப் பார்த்தார். விளக்கு எரியவில்லைதான்.

“நீ படிச்சவ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்று ஏறி உட்கார்ந்தார். அதில் கேலி இல்லை. எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூஜை முடிந்து பழுது பார்க்க ஒரு மணி நேரம் போயிருந்தாலும் படகைப் பிடித்திருக்கலாம்.

2.30, லோயர் கேம்ப்.

கம்பத்தில் சாப்பிட்டுக் கூடலூர் தாண்டியதும் மழை பிடித்தது. குமுளி மலை அடிவாரத்துக்கு வந்தும் மலை தெரியவில்லை. முகப்பு விளக்கு மஞ்சளாகி மங்கியது, ஹாரன் சளி பிடித்ததுபோல் கம்மியது, கடைசியில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார்.

“ஓடுற வரைக்கும் போகலாம் அண்ணே. இன்னும் ஏழு கிலோமீட்டர்தான்.”

“கண்ணு தெரியாம மலையேத்த மாட்டேன் ஆத்தா. உள்ள உசுரு இருக்கு.”

தம்பதியைப் பஸ்ஸில் குமுளிக்கு ஏற்றிவிட்டேன். பஸ்ஸும் மழையில் ஊர்ந்தது, படகு போய்விட்டதாம். மறுநாள் குமுளியில் அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டோம். அந்த அம்மாள் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

பஸ் போன கையோடு எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் பேசினேன். “டிரைவர் வண்டியைச் சரியாகப் பார்க்காமல் எடுத்து வந்துவிட்டார் சார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலம் அவ்வளவு சரளமாக எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. முதலாளி தமிழில் பதில் சொன்னார்: “வந்ததும் சாவியக் குடுத்துட்டுப் போகச் சொல்லு.”

பூத்துக்கு வெளியே போஸ் அண்ணன் நனைந்துகொண்டு நின்றார். நான் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

4.40.

கூடலூரிலிருந்து எலக்ட்ரீஷியன் மொபெட்டில் வந்தார். ஆல்டர்னேட்டரைக் கழற்றி, அதற்குள் உரசித் தேய்ந்துபோன கார்பன் கட்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டு விரல் நகம் அளவுகூட இல்லை. மாற்றுக் கார்பன் கையில் இல்லாததால் பழையதையே திரும்ப மாட்டினார். கொண்டுவந்த பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். பிறகு துணியால் முகப்புப் பலகையைத் துடைத்தார். காய்ந்த சந்தனம் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“சார்ஜ் லைட்டு மேல எவன்யா பொட்டு வச்சது? காலையிலேர்ந்து எரிஞ்சிருக்குமே!”

போஸ் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

“நாந்தான்ப்பா. ஒரு ஞாபகத்துல வச்சுட்டேன்.”

பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், சாமான்களைப் பைக்குள் போட்டார், மொபெட்டை உதைத்தார். அவர் வளைவில் மறையும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள், மதுரை.

கூடலூரில் கார்பன் மாற்றிய வண்டி குமுளியிலிருந்து இறங்கியபோது மழை விட்டிருந்தது. பந்தல்களில் நீர் சொட்டியது. பார்க்க அவ்வளவு அழகான சாலையை நான் தலை குனிந்தே கடந்தேன். ஆண்டிபட்டி வந்தபோது, “அங்கன தெரியுது பாரு, ஓட்டு வீடு. அதான் நம்ம வீடு,” என்று அண்ணன் கையைக் காட்டினார். மதுரையில் சாவியை மேசை மேல் வைத்தார். முதலாளி நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணன் என்னிடம், “வாரேன் ஆத்தா,” என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது நாள் ஆயிற்று. நேற்று இரவு முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொட்டு வைத்தது நான், காத்திருக்க வேண்டாம் என்றது நான், மலையேறச் சொன்னதும் நான். அம்மா கேட்ட அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் நாலே சொல்தான். இன்று காலை கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசிக்கட்டும்.

அதையே தமிழில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். பஸ் உசிலம்பட்டியைத் தாண்டிவிட்டது. ஆண்டிபட்டிக்கு டிக்கெட் வாங்கியாயிற்று.