எண்பத்தேழாம் குகையும் சில்வோ வீட்டு அலமாரியும்

நெவெங்கா முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவள். ஓய்வு பெற்ற மறுவாரம் கணவர் த்ராகோவோடு, குகைகளைத் தேடி அளந்து பதிகிற குகைச் சங்கத்துக்குப் போனாள். கேக் சாப்பிடத்தான் போனாள். மேஜையில் கிடந்த பதிவுத்தாள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதென்ன கோழி கிளறின மாதிரி? இப்படி எழுதினா கடிதாசியே போய்ச் சேராது, குகைக்கு எவன் போய்ச் சேருவான்?" என்றாள். அன்றைக்கே பதிவேட்டுச் சாவி அவள் கைக்கு வந்துவிட்டது. க்ராஸ் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டில் சங்கத்தின் பக்கத்துக் குகைகள் அறுநூற்று நாற்பதும் அவள் பொறுப்பு.

குகைக்குள் மட்டும் இறங்கமாட்டாள், முழங்கால் ஒத்துழைக்காது. தாளில்தான் அவள் புலி. "பெரிய ஓக் மரத்துக்குப் பக்கத்தில்" என்று எவராவது எழுதிக் கொடுத்தால், "எந்த மரம்? பேர் எழுதி மாட்டிக்கிட்டா நிக்குது?" என்று திருப்பிக் கொடுப்பாள். "ஆழம்: ஏராளம்" என்று எழுதிய த்ராகோவின் தாள் மூன்று முறை திரும்பி வந்தது, அதுவும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில்.

"ஏம்மா, நான் உன் புருஷன்."

"அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லையே."

பதினோரு வருடமாக அவளை உறுத்தியது எண்பத்தேழாம் எண். ரூப்னோ ஊர்க் கிணற்றிலிருந்து கிழக்கே நூற்றிருபது தப்படி என்று அறுபது வருடத்துக்கு முன் யாரோ எழுதிய ஒரே வரி. தேடிப் போன எவருக்கும் குகை அகப்படவில்லை. அந்த எண்ணைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடலாம் என்றார் சங்கத் தலைவர் போக்தான்.

"குகை என்ன, வீட்டைக் காலி பண்ணிட்டா போகும்? அங்கதான் இருக்கும்" என்றாள் நெவெங்கா.

ஆகஸ்டு மாத வெயிலில் த்ராகோவை இழுத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து எண்ணியபடி நடந்தாள். நூற்றுப் பதினாறாவது தப்படியில் ரூப்னோக்காரன் சில்வோவின் வீட்டுச் சமையலறைக் கதவு முட்டியது. சில்வோ உள்ளே உட்காரவைத்துச் சிவப்பு ஒயின் ஊற்றினான்.

"குகையா? இங்கயா? கேள்விப்பட்டதே இல்லக்கா."

வெளியே கல் வெடிக்கிற வெயில். நெவெங்காவின் கணுக்காலோ சில்லிட்டது. குளிர்காற்று சுவரோரத்துப் பெரிய அலமாரிக்கு அடியிலிருந்து வந்தது. அந்நேரம் பார்த்து வீட்டுப் பூனை அலமாரிக்கடியில் நுழைந்தது. எங்கோ ஆழத்திலிருந்து "மியாவ்" என்று மூன்று முறை எதிரொலித்தது.

"அதுக்குக் கொஞ்சம் தொண்டை பெருசு" என்றான் சில்வோ.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி மார்த்தா கத்தியைக் கீழே வைத்தாள். "யோவ், சொல்லித் தொலையேன்! நாப்பது வருஷமா உருளைக்கிழங்குக்கு நான்தானே அதுல ஏறி எறங்கறேன்!"

நிலவறை தோண்டும் வேலை மிச்சம் என்று சில்வோவின் அப்பா குகைவாயின் மேலேயே வீட்டைக் கட்டிவிட்டாராம்.

"பதிவுல ஏறிட்டா கயிறும் தொப்பியுமா ஊரே வந்து நிக்கும்க்கா" என்று முனகிக்கொண்டே சில்வோ அலமாரியைத் தள்ளினான்.

இருபத்திரண்டு படிகள். ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே நெவெங்கா இறங்கினாள். அடியில் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். கூரையிலிருந்து வெள்ளை வெளேரென்று கல் விழுதுகள். அவற்றுக்கு நடுவே உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைகள்.

"அழகா இருக்குல்ல?" என்றார் த்ராகோ.

"எதச் சொல்றீங்க? கல்லையா, தொடையையா?"

த்ராகோ அளவு நாடாவை விரித்தார். நெவெங்கா எழுதத் தொடங்கினாள்.

"தொடைய மட்டும் எழுதாதீங்கக்கா" என்று கெஞ்சினான் சில்வோ.

"உள்ளத எழுதறதுக்குத்தான் பதிவு." எழுதினாள்: கல் விழுது முப்பத்தெட்டு. பன்றித் தொடை ஒன்பது.

மறு ஞாயிறு, "சரிபார்க்க வந்திருக்கோம்" என்று போக்தான் தலைமையில் சங்கத்தார் பதினான்கு பேர் வந்து நின்றார்கள். எவரிடமும் கயிறு இல்லை. மூன்று பேரிடம் ரொட்டி இருந்தது. மார்த்தா வாசலை மறித்தாள்.

"எறங்கறவங்க ஆளுக்கொரு மூட்டை கிழங்கோட ஏறணும். சம்மதமா?"

மாலைக்குள் கிழங்கு மொத்தமும் மேலே வந்துவிட்டது. சில்வோ முனகிக்கொண்டே ஒரு தொடையை அறுத்தான். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு முனகலும் நின்றது.

இலையுதிர்காலத்தில் அவனே சங்கத்தில் சேர்ந்துவிட்டான். இப்போது ரூப்னோவில் வீடு வீடாகப் போய் அலமாரிகளைத் தள்ளிப் பார்க்கிறான். அவன் தலை தெருமுனையில் தெரிந்தால் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.