நடுப்படி போன வழி

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பத்தாம் தரத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் விளையாட்டு. பரீட்சை நெருங்குகிறது என்று சொல்லி அதையும் நான் கணிதத்துக்குப் பிடுங்கிக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளோடு கரப்பந்துப் போட்டி வரவிருந்த சமயம் அது. எங்கள் மைதானம் சரிவில் இருக்கிறது. அடித்த பந்து நேரே தேயிலைக்குள் இறங்கும். தேடி எடுத்து வருவதற்குள் பாதிப் பாடம் போய்விடும். மிச்சமிருந்த பாதிக்கும் நான் கை வைத்ததிலிருந்து, காலில் ஏறிய அட்டையைப் பார்ப்பதுபோல்தான் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

அந்த வாரம் பாடம் ஒழுக்கு. ஒரு புள்ளி நகர்ந்து போகும் பாதைக்குப் பாடநூலில் அதுதான் பெயர். நான் உற்சாகமாகத் தொடங்கினேன்.

"சுவத்துல ஒரு ஏணி சாத்தியிருக்கு. அதோட அடி வழுக்குது. நடுப்படியில ஒரு தவள உக்காந்திருக்கு. தவள போற பாத எப்பிடி இருக்கும்?"

நானே கரும்பலகையில் வரைந்தேன். துணி காயப்போட்ட கொடி தொய்வதுபோல், சுவரும் தரையும் சேரும் மூலையை நோக்கி உள்வாங்கிய ஒரு வளைவு. யோசித்தெல்லாம் வரையவில்லை, கை தானாகப் போட்டது. பட்டம் வாங்கிய கை அல்லவா!

கரப்பந்து அணியின் தலைவி முன்வரிசையில் இருந்தாள். "அப்பிடி இல்லாட்டி என்னாங்க சேர் செய்வீங்க?"

"இல்லாட்டி இந்த வெள்ளிக்கிழம பாடம் ஒங்களுக்கே."

அடுத்த நொடியே வகுப்பு மொத்தமும் வெளிப்பக்கம் புடைத்த வளைவின் கட்சிக்கு மாறிவிட்டது.

"ஏன் வெளிய புடைக்கணும்? காரணம் சொல்லுங்க."

"அது அப்பிடித்தாங்க சேர்," என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன். என் வகுப்பில் எல்லாரும் ஒரே விடையைச் சொன்னது அன்று மட்டும்தான்.

பக்கத்துத் தேவாலயத்தில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டுவதற்கென்றே ஒரு சின்ன மூங்கில் ஏணி உண்டு. உபதேசியாரிடம் கேட்டு வாங்கி வந்தோம். வகுப்பறை மூலையில் அதை ஒரு சுவரில் சாத்தி, பக்கவாட்டை அடுத்த சுவரோடு ஒட்டி வைத்து, சரியாக நடுவில் ஒரு வெண்கட்டியைக் கட்டினோம். ஏணி வழுக்க வழுக்க வெண்கட்டி பக்கத்துச் சுவரில் கோடு போடும். என் வெற்றியைப் படமெடுக்க என் கைபேசியையே ஒருவனிடம் கொடுத்தேன்.

ஏணியின் அடியை மெல்ல இழுத்தேன். கோடு வெளியே புடைத்தது.

"ஏணி துள்ளிருச்சு," என்றேன்.

"துள்ளலீங்க சேர். இந்தா, படத்துல பாருங்க."

இரண்டாம் முறையும் புடைத்தது. "மூங்கில் கோணல்."

"அப்ப தலைகீழா வச்சு இழுப்போங்க சேர்," என்றாள் தலைவி.

தலைகீழாக வைத்தார்கள். எனக்கு ஏணிமேல் கோபம் வந்துவிட்டது. ஓங்கி இழுத்தேன். சிமெந்துத் தரையில் அது சர்ரென்று வந்தது. நானும் அதோடு போய், தரையில் தொம்மென்று உட்கார்ந்தேன். தலைவி பதறி ஓடி வந்தாள், சுவரைப் பார்க்க.

"சேர், இந்த தடவதான் கோடு நல்லா விழுந்திருக்கு! வட்டம் மாதிரி இல்ல?"

ஒரு கயிற்றின் நுனியைச் சுவர் மூலையில் தரையோடு பிடித்து, மறு நுனியைக் கோட்டின்மேல் நகர்த்திப் பார்த்தாள். எங்கும் அதே நீளம், பாதி ஏணி நீளம். அப்போதுதான், தரையில் இருந்தபடியே, எனக்கு விளங்கியது. சுவரும் தரையும் செங்கோணம், ஏணி அதற்கு எதிரே உள்ள செம்பக்கம். செங்கோண முக்கோணியில் செம்பக்கத்தின் நடுப்புள்ளி மூன்று உச்சிகளுக்கும் சம தூரம். ஏணி எப்படி வழுக்கினாலும் மூலைக்கும் தவளைக்கும் உள்ள தூரம் மாறாது. அதனால் பாதை கால் வட்டம்.

பின்வரிசைக்காரனுக்கும் அது விளங்கிவிட்டது. "இதத்தானே சேர் போன கெழம பத்து தடவ எழுத சொன்னீங்க?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கரும்பலகையில் தொய்ந்து கிடந்த என் கொடி வளைவை அழித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பேரம் பேசிப் பார்த்தேன். "பாதி நேரம் கணக்கு, பாதி நேரம் வொலிபோல். சரியா?"

"பேச்சு மாறாதீங்க சேர்," என்றாள் தலைவி.

நடுவரும் நான்தான். நிற்க முடியாததால் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து விசில் ஊதினேன். பந்து தேயிலைக்குள் போகும்போதெல்லாம் நாலு பேர் பாய்ந்து எடுத்து வந்தார்கள். வகுப்பில் அந்த வேகத்தை நான் கண்டதேயில்லை.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை போதவில்லை. போட்டியில் தோற்றுவிட்டார்கள். திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்ததும் தலைவி மரியாதையாக எழுந்து நின்றாள்.

"சேர், அந்த தோட்டத்தோட திரும்பியும் ஒரு மேட்ச் இருக்கு. ஒங்களுக்கு நிச்சயமா தெரிஞ்ச கணக்கு வேற ஏதாச்சும் இருக்குங்களா?"