நூற்று அறுபத்தொன்பது கட்டங்கள்

பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவருக்குத் தலையில் அடிபட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. கைகால் தேறிவிட்டது; நினைவுதான் மக்கர் பண்ணியது. பேச ஆரம்பித்தால் பாதியில் நின்று மனைவியின் முகத்தைப் பார்ப்பார். வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவள் அவள். வாய்த்துடுக்குக்குப் பேர் போனவள். ஆனால் அந்தப் பார்வையைக் கண்டால் மட்டும் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

“சீட்டாடுவாரா?” என்று கேட்டார், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா.

“டெப்போவுக்குப் போனதே அதுக்குத்தான்.”

“அப்ப நீங்க அவர்கூட ஆடுங்க. மூளைக்கு வேலை கிடைக்கும்.”

சீட்டில் அவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகள் போனில் சொல்லிக்கொடுத்தாள். இரண்டே பேர் ஆடும் போக்கர். பந்தயத்தை ஒரு தடவைக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று வரம்பு உண்டு.

“இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட முழுசாவே தீர்த்துடுச்சும்மா. முதல்ல கைக்கு வர்ற ரெண்டு சீட்டை வச்சு என்ன செய்யணும்னு அட்டவணையே இருக்கு.”

குறுக்கே ஒரு சீட்டு, நெடுக்கே ஒரு சீட்டு என்று பதின்மூன்றுக்குப் பதின்மூன்று, நூற்று அறுபத்தொன்பது கட்டங்கள். சீட்டுப் போடுபவருக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று என இரண்டு கெட்டித் துணிகளில் சாக்பீஸால் கோடு போட்டு, ஏற்ற வேண்டியதற்குச் சிவப்பு நூல், எதிராளி வைத்ததற்குச் சமன் செய்ய வேண்டியதற்கு மஞ்சள் நூல், சீட்டைக் கவிழ்த்து விலக வேண்டியதற்குக் கறுப்பு நூல் என்று தைத்து முடிக்க அவளுக்கு மூன்று நாள் ஆனது. சீட்டுப் போடுபவரின் துணி கண்ணைப் பறிக்கிற சிவப்பாக வந்தது. தப்பாகத் தைத்துவிட்டோமோ என்று மகளுக்குப் போன் போட்டாள்.

“சரிதாம்மா. போடுறவங்க அஞ்சுல நாலு கைக்கு ஏத்துவாங்க. ஏத்தாம சும்மா சமன் பண்றது அநேகமா கிடையாது.”

“நல்ல சீட்டு வரட்டும்னு காத்திருக்கக் கூடாதா?”

“எதிர்ல ஒரே ஆள்தானே? அவங்களுக்கும் பாதி நேரம் குப்பைதான் வரும்.”

சட்டைப் பொத்தான்களைப் பந்தயம் வைத்து ஆடினார்கள். முதலில் ஒவ்வொரு கைக்கும் அவர் எழுந்து போய்ச் சுவரில் மாட்டிய துணியைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். வரும் வழியிலேயே மறந்து திரும்பிப் போவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

இரண்டாம் மாதம் ஒரு காலையில் அவள் சீட்டுப் போட்டு, யோசிக்காமல் சமன் செய்தாள்.

“ஏன் சமன் பண்ற? போட்டது நீதானே? ஒண்ணு ஏத்து, இல்லன்னா கவுத்துட்டு அடுத்த கையைப் போடு.”

அவர் பேச்சு ஒரு இடத்திலும் தடுக்காமல் வந்தது. ஊசி விழுந்துவிட்டது போல அவள் மேசைக்கடியில் குனிந்துகொண்டாள்.

அன்றே துணிகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அடுத்த வாரம் அவர் சீட்டுப் போட்டு ஏற்றினார். அவள் கையில் இரண்டு ஆறு, விடாமல் சமன் செய்தாள். இருவருக்கும் பொதுவாக மேசையில் திறந்து வைக்கும் சீட்டுகள் விழ விழ அவர் ஏற்றிக்கொண்டே போனார். கடைசிச் சீட்டுக்குத் தாடையைச் சொறிந்து, பெருமூச்சு விட்டு, மறுபடி ஏற்றினார். ராஜா ஜோடி வைத்திருக்கிறார் என்று நினைத்து அவள் கவிழ்த்தாள். அவர் திருப்பிக் காட்டியது ஏழும் ஐந்தும், எதனோடும் சேரவில்லை.

“அடப்பாவி மனுஷா! ஏமாத்திட்டீங்களே!”

“நீ பயப்படுவேன்னு தெரியும்” என்று குலுங்கிச் சிரித்தார்.

மறுநாள் பயிற்சி அம்மாவிடம் ஓடினாள். “எங்க வீட்டுக்காரரு என்னை நல்லா ஏமாத்திட்டாரு!”

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டார். “தன் கையில என்ன இருக்கு, நீங்க என்ன நினைப்பீங்க... ரெண்டையும் ஒரே நேரத்துல மனசுல வச்சிருக்காரு. இதைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்.”

பேருந்து ஓட்ட மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. பிறகு டெப்போவில் வண்டி நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார்கள், சரியென்று போய்விட்டார். இப்போது சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், இவள் சீட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.